ஒரே துப்பாக்கி, ரெண்டு எதிரி: சட்டைக்குள் ஒளியவும் வேண்டும், கரடியையும் நிறுத்த வேண்டும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நடுவே பல வருஷமாக ஓயாத ஒரு விவாதம் உண்டு. "ஊருக்குள்ள போகும்போது சட்டைக்கு அடியில தெரியாம இருக்கணும். காட்டுக்குப் போனா கரடி வந்தாலும் தாங்கணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கைத்துப்பாக்கி எது?"

கேட்க சின்னக் கேள்விதான். ஆனால் இதன் பின்னால் இருநூறு வருஷக் கதை இருக்கு. கொஞ்ச நாளாக அதைத் துரத்திக் குறிப்பு எடுத்து வந்தேன். எனக்குத் துப்பாக்கி மோகமெல்லாம் கிடையாது. ஒரு சாதாரணப் பொருளை வாங்கும் கேள்விக்குள் தொழில்நுட்பம், சட்டம், பயம் எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதுதான் என்னை இழுத்தது. படித்து முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மனிதர்கள் காலம் காலமாகக் குண்டின் அளவைப் பற்றித்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். உயிர் போனதும் பிழைத்ததும் பெரும்பாலும் வேறு காரணத்தால்.

முதலில் கரடியைப் பற்றி ஒரு வார்த்தை. கரடி என்றதும் நமக்கு மனசில் வருவது புற்றைக் கிளறித் தின்னும் நம்ம ஊர்க் கரடி. அது பெரும்பாலும் 150 கிலோவுக்குள் இருக்கும், அதுவே ஆபத்தான பிராணிதான். அலாஸ்காக் கடற்கரையில் சால்மன் மீன் தின்று வளரும் ஆண் பழுப்புக் கரடி 400, 500 கிலோ வரை போகும். அதே இனம்தான் உள்நாட்டு மலைகளில் கிரிஸ்லி என்று அழைக்கப்படுகிறது, உருவம் கொஞ்சம் சிறியது. பாய்ந்து ஓடினால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அதாவது முப்பது மீட்டர் தூரத்தில் புதரிலிருந்து கிளம்பினால் உங்களிடம் வந்து சேர இரண்டு நொடி போதும். இந்த இரண்டு நொடியை நினைவில் வையுங்கள், கட்டுரை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

லூயிஸ் கற்றுக்கொண்ட பாடம்

வெள்ளைக்காரர்கள் கிரிஸ்லியைத் துப்பாக்கியோடு சந்தித்து அதை விரிவாக எழுதி வைத்த முதல் பதிவுகளில் முக்கியமானது லூயிஸ், கிளார்க் பயணக் குறிப்புகள். 1805 ஏப்ரல் கடைசியில், இன்றைய மொன்டானாவுக்குள் நுழைந்த சமயம், மெரிவெதர் லூயிஸ் முதல் கிரிஸ்லியைச் சுட்டார். வழியில் இருந்த பூர்வகுடி மக்கள் இந்த மிருகத்தைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். அவர்களிடம் இருப்பது வில்லும் மட்டமான துப்பாக்கியும், நம்மிடம் இருப்பது நல்ல ரைஃபிள், நமக்கென்ன பயம் என்பதுதான் அப்போது லூயிஸின் நினைப்பு.

இரண்டே வாரத்தில் நினைப்பு மாறிவிட்டது. மே 14 அன்று ஆறு வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு கரடியை நாற்பது கஜ தூரத்தில் நெருங்கினார்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் சுட்டார்கள், நான்கு குண்டும் பட்டது. கரடி விழவில்லை, வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. மீதி இரண்டு பேரும் சுட்டார்கள். அப்போதும் நிற்கவில்லை. இரண்டு பேர் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு இருபது அடி உயரக் கரையிலிருந்து ஆற்றில் குதித்தார்கள். கரடியும் பின்னாலேயே குதித்தது. கடைசியில் கரையில் நின்ற ஒருவர் தலையில் சுட்டதால்தான் கதை முடிந்தது. அறுத்துப் பார்த்தபோது உடம்பில் எட்டுக் குண்டு.

ஒரு மாதம் கழித்து, ஜூன் 14 அன்று லூயிஸுக்கே நடந்ததுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. தனியாக நடந்து போனவர் ஒரு காட்டெருமையைச் சுட்டார். அது விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ரைஃபிளை மறுபடி நிரப்ப மறந்துவிட்டார். திரும்பினால் இருபது அடி வைப்பில் கிரிஸ்லி. கையில் இருந்தது அந்தக் காலத்தின் நல்ல ரைஃபிள், ஆனால் காலி. ஓடிப்போய் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் இறங்கி, கையில் இருந்த ஈட்டியை நீட்டித் திரும்பி நின்றார். கரடி என்ன நினைத்ததோ, சட்டென்று திரும்பி ஓடிவிட்டது.

வலுவான ஆயுதம் கையில் இருந்தும் அந்த நொடிக்கு அது தயாராக இல்லை. ஆள் பிழைத்தது வேறு எதனாலோ. இந்த விசித்திரம் அடுத்த இருநூறு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு நடந்திருக்கு.

பாக்கெட் வம்சம், சேண வம்சம்

கைத்துப்பாக்கியின் அமெரிக்க வரலாற்றை எடுத்துப் பார்த்தால் ஆரம்பத்திலேயே இரண்டு வம்சமாகப் பிரிந்திருப்பது தெரியும்.

ஒன்று பாக்கெட் வம்சம். பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த குட்டிப் பிஸ்டல்கள் இதற்கு முன்னோடி. 1865 ஏப்ரல் 14 இரவு ஆபிரகாம் லிங்கனைச் சுடப் பயன்பட்டது இந்த வகைதான். நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை கால் கிலோவுக்கும் கீழே, ஒரே ஒரு குண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். மனிதனிடமிருந்து மறைக்கவும், மனிதனை மிகப் பக்கத்தில் இருந்து சுடவும் உருவானது.

இன்னொன்று சேண வம்சம். 1847-ல் சாமுவேல் கோல்ட், டெக்சஸ் ரேஞ்சர் கேப்டன் சாமுவேல் வாக்கரின் யோசனைகளைக் கேட்டுச் செய்த வாக்கர் ரிவால்வர். எடை சுமார் 2 கிலோ. இடுப்பில் மாட்டினால் கால்சட்டை இறங்கிவிடும் என்பதால் குதிரைச் சேணத்தின் உறையில் வைத்துக்கொண்டு போனார்கள். எதிரி வீரனை மட்டுமல்ல, அவன் ஏறி வரும் குதிரையையும் வீழ்த்த வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

கால் கிலோ ஒரு பக்கம், இரண்டு கிலோ இன்னொரு பக்கம். சட்டைக்குள் ஒளிய வேண்டும், கரடியையும் நிறுத்த வேண்டும் என்று கேட்பவர் உண்மையில் டெரிஞ்சரையும் வாக்கரையும் ஒரே உலோகத்தில் உருக்கித் தரச் சொல்கிறார். இயற்பியல் இதற்கு லேசில் ஒத்துக்காது. குண்டுக்குச் சக்தி கூடக் கூட, சுடுபவர் கையைத் திருப்பி உதைக்கும் வேகமும் கூடும். அந்த உதையை வாங்கிக்கொள்ளத் துப்பாக்கிக்கு எடை வேண்டும். எடை இருந்தால் ஒளிக்க முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் பெரிய துப்பாக்கியை வெளிப்படையாக மாட்டிக்கொண்டு போவது பல மாநிலங்களில் கௌரவமாகவே பார்க்கப்பட்டது. ஒளித்து வைத்துக்கொள்வதுதான் கெட்ட எண்ணம் உள்ளவனின் வேலை. கென்டக்கி மாநிலம் 1813-லேயே மறைத்து ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டது. 1822-ல் அங்குள்ள நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனாலும் அந்த மாதிரிச் சட்டங்கள் மற்ற மாநிலங்களில் பெருகின. இன்றைக்கு நிலைமை கிட்டத்தட்டத் தலைகீழ். கூட்டமான கடைக்குள் இடுப்பில் பளிச்சென்று துப்பாக்கியோடு ஒருவர் வந்தால் ஜனங்கள் மிரளுகிறார்கள். மறைத்து வைப்பதுதான் இங்கிதம்.

மேக்னம் பிறந்த கதை

இரண்டு வம்சமும் முதல்முறை ஒழுங்காகச் சந்தித்தது 1935-ல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி .357 மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவந்தது. மதுவிலக்குக் காலக் கொள்ளையர்கள் கார் கதவுக்குப் பின்னால் ஒளிந்து சுடுவார்கள், அதைத் துளைக்கும் குண்டு போலீசுக்குத் தேவைப்பட்டது. அதே சமயம் கம்பெனியின் டக்ளஸ் வெஸ்ஸன் அந்த ரிவால்வரை எடுத்துக்கொண்டு பெரிய மிருக வேட்டைக்கே போய் விளம்பரம் தேடினார். ஆக, போலீஸ்காரனுக்கும் வேட்டைக்காரனுக்கும் ஒரே துப்பாக்கி என்ற கனவு அப்போதே விற்பனைக்கு வந்துவிட்டது.

அடுத்த படி 1955. இடாஹோவைச் சேர்ந்த பண்ணைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத், பல வருஷமாக .44 குண்டில் மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பரிசோதனை செய்து எழுதி வந்தார். அவருடைய நச்சரிப்பில் பிறந்ததுதான் .44 மேக்னம். .357 ஏறக்குறைய 800 ஜூல் சக்தி என்றால் இது 1,200 முதல் 1,500 ஜூல். அலாஸ்கா வழிகாட்டிகளின் இடுப்பில் நிரந்தர இடம் பிடித்தது. 1971-ல் டர்ட்டி ஹாரி படம் வந்த பிறகு, கரடியையே பார்த்திராத நகரவாசிகளும் அதைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். வாங்கியவர்களில் பலரால் அதை வைத்து ஒரு பெட்டித் தோட்டாவை நிம்மதியாகச் சுட்டு முடிக்க முடிந்திருக்காது. கை மரத்துப்போகும்.

ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மான் வேட்டைக்குச் சாதாரணமாக எடுத்துப்போகும் .30-06 ரைஃபிளின் சக்தி 3,800 ஜூலைத் தொடும். அதாவது "கரடித் துப்பாக்கி" என்று பேர் வாங்கிய .44-ம் ஒரு நடுத்தர ரைஃபிளில் பாதிகூட இல்லை. கைத்துப்பாக்கியின் ஒரே அனுகூலம், அது எப்போதும் உடம்பிலேயே இருக்கும் என்பதுதான். மீன் பிடிக்க இரண்டு கையும் தேவைப்படும்போது ரைஃபிள் மரத்தில் சாய்ந்து கிடக்கும்.

மனிதனுக்காகப் பிறந்து கரடியிடம் போன குண்டு

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் 10 மி.மீ. தோட்டாவின் கதை.

1983-ல் ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளரின் யோசனையில், ப்ரென் டென் என்ற பிஸ்டலுக்காக இந்தத் தோட்டா வந்தது. பிஸ்டல் கம்பெனி சீக்கிரமே மூழ்கிவிட்டது. தோட்டாவும் கூடவே மறைந்திருக்கும். ஆனால் 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. இரண்டு ஏஜென்ட்டுகள் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். ஒரு கொள்ளையனின் மேல் ஆரம்பத்திலேயே பட்ட 9 மி.மீ. குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த ஒரு அங்குலம் துப்பாக்கி உலகத்தையே மாற்றியது. குண்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு எஃப்.பி.ஐ. ஒரு கணக்கு வகுத்தது: சதைக்குச் சமமான ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம். அதற்கு 10 மி.மீ. சரியாக இருக்கும் என்று முடிவு செய்தார்கள். ஆனால் பிஸ்டல் பெரிது, உதை பலம். மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்த பிறகு அவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று அதைச் சுருக்கி 1990-ல் .40 தோட்டா வந்தது. 2010-களின் நடுவில் எஃப்.பி.ஐ. மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் 9 மி.மீ. குண்டுகளே நன்றாக முன்னேறிவிட்டன.

அப்போ 10 மி.மீ. என்ன ஆச்சு? காட்டுக்குப் போயிடுச்சு. முழு மருந்தோடு சுமார் 900 ஜூல். க்ளாக் 20 மாதிரிப் பிஸ்டலில் 15 தோட்டா பிடிக்கும், காலியாக இருந்தால் எடை 800 கிராமுக்குள். .44 ரிவால்வரில் ஆறுதான். வடகிழக்கு கிரீன்லாந்தில் நாய்ச் சறுக்குவண்டியில் ரோந்து போகும் டென்மார்க் கடற்படையின் சிரியஸ் பிரிவு, துருவக் கரடிக்காக இதையே இடுப்பில் வைத்திருக்கிறது. கூடவே பழைய ரைஃபிளும் உண்டு. மனிதனை நிறுத்தப் பிறந்த தோட்டா, மனிதர்களுக்கு அதிகப்படி என்று கைவிடப்பட்டு, கரடிக்காரர்களிடம் வாழ்க்கை பெற்றது.

இங்கேதான் "ஒரே துப்பாக்கி" கனவின் அடிப்படைச் சிக்கலும் வெளியே வருகிறது. மனிதனுக்கான குண்டு முனையில் குழியாக இருக்கும். உடம்புக்குள் போனதும் விரிந்து அங்கேயே நிற்க வேண்டும், பின்னால் நிற்கும் அப்பாவி மேல் பாயக் கூடாது. கரடிக்கான குண்டு நேர் எதிர். கெட்டி ஈயம், தட்டை மூக்கு. மயிர், கொழுப்பு, தசை, எலும்பு எல்லாவற்றையும் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், விரியக் கூடாது. ஆக, துப்பாக்கி ஒன்றாக இருந்தாலும் தோட்டா இரண்டு. ஊரிலிருந்து காட்டுக்குப் போகும்போது மாற்ற வேண்டும், திரும்பும்போது மறக்காமல் மறுபடி மாற்ற வேண்டும்.

2016-ல் அலாஸ்காவில் ஒரு மீன்பிடி வழிகாட்டி, தன்னோடு வந்தவர்கள் மேல் பாய்ந்த பழுப்புக் கரடியை சாதாரண 9 மி.மீ. பிஸ்டலால் கொன்றார். காலிபர் சண்டைக்காரர்களுக்கு அது பேரதிர்ச்சி. அவர் அதில் போட்டிருந்தது மேலே சொன்ன கெட்டி ஈயக் குண்டு. அதைவிட முக்கியம், அவர் பல பத்தாண்டு அனுபவம் உள்ளவர், துப்பாக்கி உடனே கைக்கு வந்தது. இதை வைத்து 9 மி.மீ. போதும் என்று சொல்வது, லூயிஸ் பிழைத்ததை வைத்து ஈட்டி போதும் என்று சொல்வது மாதிரி.

எண்கள் என்ன சொல்கின்றன

சரி, கதைகளை விடுவோம். கணக்கு என்ன?

டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய கரடி ஆய்வாளர்கள் 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 கரடி மோதல்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 444 மனிதர்கள், 357 கரடிகள். கைத்துப்பாக்கி எடுத்த 37 சம்பவங்களில் 84 சதவீதம் வெற்றி. ரைஃபிள், ஷாட்கன் மாதிரி நீளத் துப்பாக்கிகள் எடுத்த 202 சம்பவங்களில் 76 சதவீதம். 37 என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்து ரைஃபிளைவிடக் கைத்துப்பாக்கி மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாலு மடங்கு சக்தி இருந்தால் பாதுகாப்பும் நாலு மடங்கு என்ற கணக்கு நிச்சயமாக அங்கே இல்லை.

என்னை உட்கார வைத்தது தோல்விகளின் பட்டியல். துப்பாக்கி ஏன் காப்பாற்றவில்லை? நேரம் போதவில்லை என்பது 27 சதவீதம். கையில் இருந்தும் பயன்படுத்தவில்லை, 21 சதவீதம். சிக்கிக்கொண்டது போன்ற இயந்திரக் கோளாறு 14. கரடி அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது 9. குறி தவறியது 9. குண்டு தீர்ந்து நிரப்ப முடியவில்லை 8. சேஃப்டியை விடுவிக்க முடியவில்லை 8. தடுக்கி விழுந்தது 3. இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். "குண்டு சின்னதாக இருந்தது" என்ற வரியே இதில் இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைச் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயம்பட்ட விகிதம் ஒன்றேதான் என்பதையும் அந்தக் கட்டுரை சொல்கிறது.

அதே குழு 2008-ல் இன்னொரு ஆயுதத்தை ஆராய்ந்தது: மிளகாய் ஸ்ப்ரே. மிளகாயில் காரத்தைத் தரும் கேப்சைசின்தான் அதில் மருந்து. 1980-களில் மொன்டானா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில் இருந்து உருவானது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுகீசியர் கப்பலில் நம்ம அம்மிக்கு வந்த அதே மிளகாய், சொந்த மண்ணில் கரடியை விரட்டுகிறது. 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் 83 சம்பவங்களைப் பார்த்ததில், பழுப்புக் கரடியை 92 சதவீதமும் கருங்கரடியை 90 சதவீதமும் ஸ்ப்ரே தடுத்திருக்கிறது. ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை.

உடனே ஸ்ப்ரேதான் ஜெயித்தது என்று குதிக்கக் கூடாது. ஸ்ப்ரே கணக்கில் சும்மா மோப்பம் பிடிக்க வந்த கரடிகளும் உண்டு. துப்பாக்கிக் கணக்கில் பாய்ந்து வந்தவை அதிகம், நூறு வருஷத்துக்கு முந்தைய துப்பாக்கிகளும் அதில் சேர்த்தி. துப்பாக்கியால் சத்தமில்லாமல் தப்பித்தவர்கள் பதிவுக்கே வராமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. காற்று எதிர்த்து அடித்தால் ஸ்ப்ரே உங்கள் கண்ணுக்கே வரும். ஆனால் ஸ்ப்ரே ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்தால் அதே பழைய பதில்தான்: துல்லியமாகக் குறி பார்க்கத் தேவையில்லை. மேகமாகப் பரவுகிறது. நடுங்கும் கைக்கும், இரண்டு நொடிக்கும் ஏற்ற கருவி அது.

சட்டைக்குள் இருப்பதன் விலை

சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. 1987-ல் ஃபுளோரிடா, தகுதி உள்ளவர் கேட்டால் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்த பிறகு அந்த முறை வேகமாகப் பரவியது. 2003-ல் அலாஸ்கா, உரிமமே வேண்டாம் என்றது. அதற்கு முன் வெர்மான்ட் மட்டும்தான் அப்படி இருந்தது, இப்போது பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அந்த வரிசையில். தேசியப் பூங்காக்களுக்குள் நிரப்பிய துப்பாக்கி கொண்டுபோக இருந்த தடை 2010 பிப்ரவரி 22 அன்று நீங்கியது. இதில் ஒரு வேடிக்கை, அந்தத் திருத்தம் ஒட்டிக்கொண்டு வந்தது கிரெடிட் கார்டு சீர்திருத்தச் சட்டத்தின் முதுகில். பூங்காவுக்குள் கொண்டு போகலாம், ஆனால் சுடுவதற்கு அனுமதி தனி விஷயம்.

இப்படியாக, ஊர்த் துப்பாக்கியும் காட்டுத் துப்பாக்கியும் ஒரே ஆளின் இடுப்பில் ஒரே நாளில் இருக்கச் சட்டம் வழிவிட்டது. கம்பெனிகளும் ஓடி வந்தன. டைட்டானியமும் ஸ்காண்டியமும் கலந்து 750 கிராமுக்குள் .44 மேக்னம் ரிவால்வர் செய்தார்கள். தூக்கிச் செல்ல சுகம், சுட்டால் நரகம். பயிற்சிக்கு ஆசையே வராது, பயிற்சி இல்லாவிட்டால் மேலே சொன்ன தோல்விப் பட்டியல்தான்.

மறைப்பதிலும் ஒரு முரண் இருக்கு. மறைத்தல் என்பது எடுப்பதைத் தாமதமாக்குவது. ஊருக்குள் அந்தத் தாமதம் சில சமயம் பரவாயில்லை. காட்டில் மழைக் கோட்டு, அதன் மேல் முதுகுப்பை, இடுப்பில் பையின் பட்டை. இத்தனைக்கும் அடியில் இருக்கும் துப்பாக்கி இரண்டு நொடியில் வராது. அதனால்தான் அலாஸ்காவில் மீன் பிடிப்பவர்கள் மார்பின் குறுக்கே, எல்லாத் துணிக்கும் மேலே உறையை மாட்டுகிறார்கள். அங்கே யாரும் எதையும் மறைப்பதில்லை.

என் நண்பன் ஒருவன் வேலை நிமித்தம் மனைவி, பையனோடு ஆங்கரேஜுக்குக் குடிபோனான். போன கையோடு அவனும் இந்தக் கேள்வியில் விழுந்தான். "டேய், 10 மி.மீ. வாங்கலாமா, .44 வாங்கலாமா?" என்று கேட்டவனிடம் நான் இரண்டு எண்களை அனுப்பினேன். வட அமெரிக்காவில் 1900 முதல் 2009 வரை காட்டுக் கருங்கரடிகளால் இறந்தவர்கள் மொத்தம் 63 பேர். 2021 ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டவர்கள் 26,328 பேர், அந்த வருஷத் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கும் மேல். கிரிஸ்லியைச் சேர்த்தாலும் தராசு நகராது. அவன் பையனுக்கு அப்போது பதினைந்து வயது. "கரடி வருஷத்துக்கு ரெண்டு நாள் உன் பக்கத்துல இருக்கும்டா, துப்பாக்கி முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும் வீட்டுல இருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "சரி, முதல்ல பூட்டுப் பெட்டி பார்க்கிறேன்" என்று எழுதினான். அவன் துப்பாக்கி வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சொல்ல நான் யார். எந்த ஆபத்தை அளந்து வாங்குகிறான் என்பதுதான் என் கேள்வி.

கரடியின் பக்கம்

1967 ஆகஸ்ட் 13 அன்று அதிகாலை, மொன்டானாவின் க்ளேசியர் தேசியப் பூங்காவில், வெவ்வேறு இடங்களில், இரண்டு இளம்பெண்களை இரண்டு கிரிஸ்லிகள் கொன்றன. 1910-ல் பூங்கா உருவானதிலிருந்து அதுவரை கிரிஸ்லியால் ஒரு சாவுகூட அங்கே நடந்ததில்லை. காரணத்தைத் தேடியபோது கிடைத்தது குப்பை. விடுதியின் மிச்சச் சாப்பாட்டைக் கொட்டி, கரடி வருவதைச் சுற்றுலாப் பயணிகள் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் குப்பை மேடுகளை மூடுவது, கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டிகள், முகாமில் சாப்பாட்டை விலக்கி வைப்பது எல்லாம் கண்டிப்பான விதிகளாயின. எந்த மேக்னமும் காப்பாற்றியதைவிட அதிக உயிரை அந்தப் பெட்டிகள் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம், மனித உயிரையும் கரடி உயிரையும் சேர்த்தே சொல்கிறேன்.

கரடிக்கும் இதில் பங்கு உண்டு. அலாஸ்காவுக்கு வெளியே உள்ள கீழ் மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள இனம். அலாஸ்காவில் உயிரைக் காக்கக் கரடியைச் சுட்டால் சட்டம் மன்னிக்கும். ஆனால் தோலையும் மண்டை ஓட்டையும் எடுத்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும், நடந்ததை எழுதித் தர வேண்டும். சுட்டவருக்கு ஒரு நகம்கூட மிஞ்சாது. பயத்தை வேட்டையாக மாற்றிக்கொள்ள முடியாதபடி செய்த புத்திசாலித்தனமான விதி.

அப்போ அந்த முதல் கேள்விக்குப் பதில்தான் என்ன? வரலாற்றைப் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, இரண்டு வேலைக்கும் பொருந்தும் ஒரே துப்பாக்கி 1847-லும் இல்லை, இன்றும் இல்லை. 10 மி.மீ. பிஸ்டல் அந்த இடத்துக்குக் கிட்டே வருகிறது, அவ்வளவுதான். காட்டில் முதலில் சாப்பாட்டுப் பெட்டி, சத்தம் போட்டுக்கொண்டு கூட்டமாக நடப்பது. அடுத்தது பெல்ட்டின் வெளிப்பக்கம் ஸ்ப்ரே. அதற்கும் மேலே துப்பாக்கி வேண்டும் என்பவர், தன்னால் வேகமாக எடுத்து நாலு முறை குறி தவறாமல் சுட முடிகிற ஒன்றை மார்பில் மாட்டட்டும், அது எந்த காலிபராக இருந்தாலும். அந்த நாலு முறைக்கு வேண்டியது மாதாமாதம் செலவழியும் பயிற்சித் தோட்டாக்கள். துப்பாக்கியின் விலையோடு அவற்றின் விலையையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.